முன்கள வீரரின் வேகம், அனுபவம், வயது: வன்னி மைதானங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்னேரம் நாலரைக்குப் பிறகு மைதானத்துக்கு வரும் பெடியளும், வேலியோரம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று பார்க்கும் தகப்பன்மாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கிளிநொச்சிப் பக்கம், இரணைமடு வாய்க்காலுக்குக் கிட்ட உள்ள ஒரு கிராம உதைபந்தாட்டக் கழகத்தில் முன்கள வீரனாக விளையாடினேன். இப்போது அங்கேயே பயிற்சி கொடுக்கிறேன். மைதானத்தில் நின்று பதில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

மகன் பள்ளிக்கூடத்தில் 100 மீற்றரில் முதலாவது. அவனை முன்னுக்கு விடலாம்தானே, மாஸ்டர்?

விடலாம். ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் விடவேண்டாம்.

உசைன் போல்ட் 2009இல் பேர்லினில் 100 மீற்றரை 9.58 செக்கனில் ஓடினார். அதைவிட வேகமாக ஓடிய மனிதர் இல்லை. தடகளத்தில் ஓய்வுபெற்ற பிறகு 2018இல் அவுஸ்திரேலியாவின் சென்ட்ரல் கோஸ்ட் மரினர்ஸ் கழகத்தில் சேர முயன்றார். ஒரு பயிற்சிப் போட்டியில் இரண்டு கோலும் போட்டார். அப்படியிருந்தும் ஒப்பந்தம் கைகூடவில்லை. 100 மீற்றர் ஓட்டத்தில் வெடிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் புறப்படுகிறார்கள். உதைபந்தாட்டத்தில் அந்த வெடியை வைப்பவர் யாரும் இல்லை. எப்போது புறப்படுவது, எந்தக் கோட்டில் ஓடுவது, எங்கே நிற்பது என்பதை விளையாடுபவரே முடிவெடுக்க வேண்டும். அதுவும் இடுப்பில் கைவைத்து இழுக்கும் ஒரு பின்கள வீரர் பக்கத்தில் நிற்கும்போது.

எங்கள் கழகத்தில் 14 வயதுப் பெடியன் ஒருவன் இருக்கிறான். பின்னுக்கிருந்து உயர்த்தி அடிக்கும் பந்துக்கு அவன் ஓடினால் யாரும் பிடிக்கமாட்டார்கள். ஆனால் கடைசித் தொடுகை ஒவ்வொருமுறையும் நாலு மீற்றர் நீண்டுவிடும். கோல் காப்பாளர் குனிந்து எடுத்துக்கொண்டு போவார். ஒருநாள் அவனுக்குப் பக்கத்திலேயே சைக்கிளில் போய், பந்தை விட்டுவிட்டு அவனுடைய பாதத்தை மட்டும் பார்த்தேன். பந்தைத் தொடும் அடியையும் முழு நீளத்துக்கே வைக்கிறான். அந்த வேகத்தோடு பட்டால் பந்து பறக்காமல் என்ன செய்யும்? பந்துக்குக் கிட்டப் போகும்போது கடைசி மூன்று அடியையும் குறுக்கு என்றேன். "குறுக்கினா வேகம் குறையுமே அண்ணை" என்றான். குறையத்தான் வேணும் என்றேன். அடுப்புச் சாம்பலால் தரையில் இரண்டு கோடு போட்டு, அதற்குள் மூன்று அடி வைத்த பிறகே பந்தைத் தொடவேண்டும் என்று ஒரு மாதம் பழக்கினோம். இப்போது பந்து காலோடு நிற்கிறது.

மகனை முன்னுக்கு விடுங்கள். ஆனால் பந்தோடு அவன் எவ்வளவு வேகம் என்று பாருங்கள். முதல் பத்து மீற்றரில் எவ்வளவு வேகம் என்று பாருங்கள். ஒரு முன்கள வீரர் ஒரே மூச்சில் 100 மீற்றர் ஓடும் தருணம் வராது. முதல் நாலைந்து அடியில் அரை மீற்றர் முந்தினாலே அவருக்குக் கோல் அடிக்க இடம் கிடைத்துவிடும்.

அப்ப வேகம் முக்கியமில்லையா?

முக்கியம். வேகம் உள்ளவருக்குப் பந்தே கிடைக்காவிட்டாலும் அவரால் ஆட்டம் மாறும். அவருக்குப் பயந்து எதிரணியின் பின்வரிசை ஐந்து மீற்றர் பின்னுக்குப் போய்விடும். அந்த ஐந்து மீற்றரில்தான் எங்கள் நடுக்கள வீரர் தலை நிமிர்ந்து பந்து கொடுக்கிறார்.

ஒரே திகதியில் நடந்த இரண்டு உலகக் கிண்ணப் போட்டிகளைப் பாருங்கள். 1998 ஜூன் 30, பிரான்ஸின் சென்ற் எத்தியென். ஆர்ஜென்டினாவுக்கு எதிராக இங்கிலாந்தின் 18 வயது மைக்கல் ஓவன் மைதான நடுவிலிருந்து பந்தை எடுத்து, இரண்டு பின்கள வீரரைக் கடந்து கோல் போட்டார். சரியாக 20 வருடம் கழித்து, 2018 ஜூன் 30, ரஷ்யாவின் கசான். எதிரணி அதே ஆர்ஜென்டினா. பிரான்ஸின் 19 வயது கிலியன் எம்பாப்பே தன்னுடைய பாதியிலிருந்து ஓடிப்போய்ப் பெனால்டி வாங்கிக்கொடுத்தார். பிறகு இரண்டு கோலும் அடித்தார். இரண்டு பேரையும் உலகம் முழுக்க அறியவைத்தது வேகம்தான்.

அதற்குப் பிறகு இரண்டு பேரின் பாதையும் வேறு. 1999 ஏப்ரலில் லீட்ஸ் அணிக்கு எதிரான போட்டியில் ஓவனின் தொடைப் பின்தசை கிழிந்தது. அப்போது அவருக்கு 19 வயது. 2001இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருது வாங்கும் அளவுக்கு மீண்டு வந்தார் என்பது உண்மை. ஆனால் காயங்கள் அவரை விட்டுப்போகவில்லை. 2006 உலகக் கிண்ணத்தில் சுவீடனுக்கு எதிராக முதல் நிமிடத்திலேயே முழங்கால் போனது. 33 வயதில் ஓய்வுபெற்றார். எம்பாப்பே 2022 இறுதிப்போட்டியில் மறுபடியும் ஆர்ஜென்டினாவைச் சந்தித்து மூன்று கோல் போட்டார். அதில் இரண்டு பெனால்டி. ஒன்று, காற்றில் வந்த பந்தைத் தரையில் விழமுன் அடித்தது. மூன்றில் ஒன்றுகூட நெடுந்தூரம் ஓடி அடித்த கோல் இல்லை. 23 வயதிலேயே அவர் வேகத்துக்குப் பக்கத்தில் வேறு ஆயுதங்களையும் சேர்த்துவிட்டார் என்று அதைப் பார்த்தபோது நினைத்தேன்.

"அனுபவம், அனுபவம்" என்று சொல்கிறீர்கள். அது என்ன, எதில் தெரியும்?

கழுத்தில் தெரியும்.

எங்கள் கழகத்தில் நாற்பதை நெருங்கிய ஒரு அண்ணை இருக்கிறார். பகலில் மேசன் வேலை. பின்னேரம் சீமெந்துத் தூசியைக் கழுவிவிட்டு, சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு வருவார். பெடியள் அவரை இரண்டு மடங்கு வேகத்தில் தாண்டி ஓடுவார்கள். ஆனாலும் மாவட்டச் சுற்றுப்போட்டிகளில் கடைசி இருபது நிமிடத்துக்கு அவரை இறக்கினால் ஏதோ ஒன்று நடக்கும். ஏன் என்று பார்க்க ஒருநாள் கோட்டுக்கு வெளியே இருந்து எண்ணினேன். பந்து தன்னிடம் வருவதற்கு முந்தைய பத்துச் செக்கனில் அவர் நாலு தரம் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் பார்க்கிறார். அவருக்குப் பக்கத்தில் நின்ற 17 வயதுப் பெடியன் ஒருதரமும் திரும்பவில்லை. கண் முழுக்கப் பந்தில்.

பந்து வரும்போது அண்ணைக்குப் பின்கள வீரர் எங்கே, கோல் காப்பாளர் எத்தனை அடி முன்னுக்கு, தூரக் கம்பத்தடியில் யாராவது நிற்கிறார்களா என்பதெல்லாம் ஏற்கெனவே தெரியும். பெடியன் பந்து காலில் பட்ட பிறகுதான் பார்க்கத் தொடங்குகிறான். அந்த ஒரு செக்கன் பிந்தினால் எந்தக் காலாலும் அதை ஓடிப்பிடிக்க ஏலாது. அனுபவம் என்று நான் சொல்வது அந்த ஒரு செக்கனைத்தான்.

மேற்கு ஜேர்மனியின் கெர்ட் முல்லரைப் பாருங்கள். குட்டையானவர், தடித்த தொடை. 62 சர்வதேசப் போட்டிகளில் 68 கோல். 1974 உலகக் கிண்ண இறுதிப்போட்டியில் நெதர்லாந்துக்கு எதிராக அவர் போட்ட வெற்றிக் கோலில் ஓட்டமே இல்லை. பந்து அவருக்குப் பின்னால் தங்கிவிட்டது. ஒரு அடி பின்வைத்து, திரும்பி, பின்கள வீரரின் காலுக்கு அருகால் தரையோடு தட்டினார். 2007 சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் மிலான் அணிக்காக 33 வயது பிலிப்போ இன்சாகி போட்ட இரண்டு கோலும் அப்படித்தான்: பந்து வந்துசேரும் இடத்துக்கு ஆள் முதலே வந்துவிட்டார்.

பந்து வருமுன்பே எதிரணிப் பின்வரிசையைத் தாண்டி நிற்பதைத் தடுக்கும் ஓவ்சைட் விதியும் இங்கேதான் வருகிறது. பந்து உதைபடும் கணத்தில் கடைசிக்கு முந்தைய எதிராளியோடு சமமாக நின்றாலும் அது ஓவ்சைட் இல்லை. அதனால் வேகமுள்ளவர் அவசரப்பட்டு முன்னுக்குப் போகத் தேவையில்லை. உதைப்பவரின் கால் பின்னுக்குப் போகும்போது புறப்பட ஆயத்தமாகி, பந்தில் படும்போது புறப்பட்டால் போதும். எங்கள் பெடியளின் ஓவ்சைட்டில் பாதி, உதைப்பவரின் காலைப் பார்க்காததால் வருவது.

முன்கள வீரருக்கு உச்சமான வயது எது?

பொதுவாக 24இலிருந்து 29வரை. அந்தக் காலத்தில் உடம்பின் வேகம் இன்னும் இறங்கவில்லை, கண்ணும் தேறிவிட்டது. வன்னியில் எங்களுக்குள்ள பெரிய கவலையும் அதே வயதுதான். 22, 23இல் பெடியன் கொழும்புக்கோ கட்டாருக்கோ வேலைக்குப் போய்விடுகிறான். வீட்டு நிலைமை அப்படி, குறைசொல்ல முடியாது. ஆனால் வேகமும் அனுபவமும் கைகோக்கும் வருடங்களை எங்கள் மைதானங்கள் பார்ப்பதே குறைவு.

30 தாண்டினால் அவ்வளவுதானா?

இல்லை. ஆனால் விளையாடும் முறையை மாற்றாதவருக்கு அவ்வளவுதான்.

கமரூனின் ரொஜர் மில்லா 1990 உலகக் கிண்ணத்துக்கு வரும்போது 38 வயது. மாற்று வீரராகவே இறங்கி நாலு கோல் போட்டார். அதில் ஒன்று, கொலம்பியாவின் கோல் காப்பாளர் ஹிகிட்டா கோலை விட்டு வெளியே வந்து பந்தோடு மினக்கெட, அவரிடமிருந்தே பறித்துக்கொண்டு போய் அடித்தது. நாலு வருடம் கழித்து ரஷ்யாவுக்கு எதிராக 42 வயதிலும் ஒரு கோல். இத்தாலியின் லூக்கா தோனி வெரோனா அணிக்காக 2014–15 பருவத்தில் 22 கோல் அடித்து, அந்நாட்டு முதற்பிரிவு லீக்கில் அதிக கோல் போட்டவர் என்ற இடத்தை இக்கார்டியோடு பகிர்ந்தார். அந்தப் பருவம் முடியும்போது அவருக்கு 38. இந்தியாவின் சுனில் சேத்ரி 2005இல் பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதற்போட்டியிலேயே கோல் போட்டவர். 2024 ஜூனில் விடைபெறும்போது 94 சர்வதேசக் கோல்கள். அடுத்த வருடம் 40 வயதில் திரும்பி வந்து மாலைதீவுக்கு எதிராக இன்னொன்றும் போட்டார். அவர் உயரமானவரும் இல்லை, மின்னல்போல ஓடுபவரும் இல்லை.

போர்த்துக்கலின் கிறிஸ்டியானோ ரொனால்டோ மன்செஸ்ரர் யுனைற்றட் கழகத்துக்கு வந்த காலத்தில் ஓரத்தில் ஓடி, காலைச் சுழற்றி ஆளை ஏமாற்றும் விங்கர். வயது ஏற ஏற நடுவுக்கு வந்து, பந்தைத் தொடும் தடவைகளைக் குறைத்து, கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டிப் பெட்டிக்குள் கடைசித் தொடுகைக்குத் தன்னைச் சேமித்துவைத்தார். மெஸ்ஸி 2022இல் 35 வயதில் ஆர்ஜென்டினாவுக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்தபோது ஏழு கோல். போட்டியின் பெரும்பகுதி நடந்துதான் திரிந்தார். களைப்பில் நடக்கிறார் என்று எங்கள் பெடியள் சொன்னார்கள். நடக்கும்போது அவருடைய தலையைப் பாருங்கள் என்றேன்.

எனக்கு 22 வயது. இப்பதான் ஒழுங்காகத் தொடங்குகிறேன். பிந்திப்போனேனா, அண்ணை?

தம்பி, ஜேமி வார்டி 25 வயதுவரை இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில் விளையாடியவர். அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் வேலையும் செய்தார். 2012இல்தான் லெஸ்டர் அணி எடுத்தது. பிரீமியர் லீக்கில் முதலாவதாக விளையாடும்போது 27. 2015–16இல் 24 கோல் அடித்து லெஸ்டர் சம்பியனாக உதவினார். 2019–20இல் 33 வயதில் 23 கோலோடு, லீக்கில் அதிக கோல் போட்டவருக்கான தங்கப் பாதணி. வயது போனால் வேகமும் போய்விடும் என்பவர்களுக்கு அவர் ஒரு மறுப்பு. அந்த வயதிலும் பின்வரிசைக்குப் பின்னால் ஓடித்தான் அடித்தார்.

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர்கள் 2010, 2011இல் மீள்குடியேறி வந்தவர்கள். 17, 18 வயதில் விளையாடியிருக்க வேண்டிய வருடங்கள் இடப்பெயர்விலும் செட்டிகுளத்து முகாம்களிலும் போய்விட்டன. திரும்பி வந்தபோது மைதானத்தில் நெஞ்சளவு பற்றை. கண்ணிவெடி அகற்றி முடித்த பிறகே உள்ளே இறங்க விட்டார்கள். அவர்களுக்கு வேகம் இருந்தது, போட்டி அனுபவம் இல்லை. அது அவர்களுடைய பிழை இல்லை. மேலே சொன்ன மேசன் அண்ணை அவர்களில் மூத்தவர். கண் தேறுவதற்கு வயது ஒரு தடை இல்லை என்பதை அவரிடம்தான் கண்டேன். கிழமைக்கு ஒரு போட்டியாவது ஆடுங்கள். பயிற்சி மட்டும் செய்தால் கால் பழகும், கண் பழகாது.

வயதுப் பிரிவுத் தெரிவில் மகனைச் சின்ன ஆள் என்று விட்டுவிட்டார்கள். என்ன செய்ய?

பிறந்த மாதத்தைப் பாருங்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில்தான் நிற்கிறார்கள். 13 வயதில் 11 மாத வித்தியாசம் மிகப் பெரியது. ஒருவனுக்குக் குரல் உடைந்து மீசை அரும்பியிருக்கும், மற்றவன் இன்னும் குழந்தை. உலகம் முழுக்க வயதுப் பிரிவு அணிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் கூடுதலாக இருப்பது பலகாலமாக அறியப்பட்ட விடயம். தெரிவாளர்கள் பார்ப்பது திறமை என்று நினைக்கிறார்கள். பலவேளை பார்ப்பது முந்தி வளர்ந்த உடம்பை. சின்ன ஆளாக இருக்கும்போது உடம்பால் வெல்ல முடியாததால் மகன் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகுவான். 17 வயதில் உயரமும் வரும்போது அவனிடம் இரண்டும் இருக்கும். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

காயம் வந்தால் எவ்வளவு நாள் நிற்கவேண்டும்?

நோ போகும்வரை என்பது போதாது. முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நின்று, திரும்பி ஓடும்போதும் பயம் இல்லாமல் இருக்கும்வரை.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். 21 வயதில் ஒரு சுற்றுப்போட்டியின் அரையிறுதியில் எனக்குத் தொடையின் பின்பக்க மசில் இழுத்தது. நாலாம் நாள் இறுதிப்போட்டி. கழகத்தில் பெரியவர் ஒருவர் "நீ நிண்டாலே போதும், அவங்கள் பயப்படுவாங்கள்" என்றார். நோவுக்கு மருந்தடித்து, துணியால் இறுக்கிக் கட்டி இறங்கினேன். 12ஆவது நிமிடம் பின்னாலிருந்து யாரோ கல்லால் எறிந்ததுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. மசில் கிழிந்த சத்தம் அது. அந்த வருடம் முழுக்கப் போனது. பிறகும் பழைய முதலடி வரவில்லை. அவரைக் கோபிக்கவில்லை, அவருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் கழகத்தில் இப்போது மசில் இழுத்தவரைப் போட்டிக்கு இறக்க நான் விடுவதில்லை, கிண்ணம் போனாலும் சரி.

உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் '11 பிளஸ்' என்ற உடல் சூடேற்றும் பயிற்சிக்கு 20 நிமிடம் போதும். விசேட உபகரணம் ஒன்றும் தேவையில்லை. ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயம் குறைகிறது. அதில் ஒன்றையாவது இன்றைக்கே தொடங்குங்கள்: முழந்தாளில் நிற்க வேண்டும், கூட்டாளி பின்னாலிருந்து கணுக்காலை அழுத்திப் பிடிக்க, முதுகும் இடுப்பும் வளையாமல் மெல்ல மெல்ல முன்னுக்குச் சாயவேண்டும். தாங்க ஏலாதபோது கையை ஊன்றலாம். தொடைப் பின்தசைக்கு இதைவிட மலிவான காவல் எனக்குத் தெரியாது. 13, 14 வயதுப் பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே முன்எலும்பு வீங்கி நொந்தால், வளரும் வயதில் வருவது அது. ஓட்டத்தைக் குறையுங்கள்; நோ நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வேகத்தைப் பழக்கிக் கூட்டலாமா?

ஓரளவு. பிறப்பில் வருவது நிறைய. ஆனால் முதலடியைக் கூட்டலாம்: பத்து மீற்றர், முழு வேகம், இடையில் நல்ல ஓய்வு, எட்டுத்தரம் போதும். களைத்துப்போய் ஓடினால் பழகுவது மெதுவாக ஓடத்தான்.

பெண்பிள்ளைகளுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

எல்லாம் பொருந்தும். சர்வதேசப் போட்டிகளில் ஆண் பெண் எல்லாரிலும் அதிக கோல் போட்டவர் கனடாவின் கிறிஸ்டின் சின்கிளேர்: 190 கோல், 40 வயதுவரை நாட்டுக்கு விளையாடினார். பிரேசிலின் மார்த்தா ஐந்து உலகக் கிண்ணங்களில் 17 கோல். ஒன்றை மட்டும் கூடுதலாகக் கவனிக்கவேண்டும்: பெண்பிள்ளைகளுக்கு முழங்கால் லிகமென்ட் கிழியும் வாய்ப்பு ஆண்பிள்ளைகளைவிடக் கூட. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடியாமல் இறங்கப் பழக்குங்கள். உயர்தரம் தொடங்கியதும் மகளை மைதானத்துக்கு விடாமல் நிறுத்தும் பெற்றோருக்கு என் வேண்டுகோள், கிழமைக்கு இரண்டு பின்னேரமாவது விடுங்கள். 16 வயதில் நிறுத்தினால் அவளுடைய கண் தேறும் வயதையே பறிக்கிறோம்.

முன்கள வீரர்களில் யார் பெரியவர்?

என் தெரிவு பிரேசிலின் ரொனால்டோ. 1996–97இல் பார்சிலோனாவுக்கு 49 போட்டிகளில் 47 கோல் அடித்தபோது அவரிடம் இருந்த வேகத்தை அதன்பிறகு நான் யாரிடமும் காணவில்லை. பிறகு முழங்கால் போனது. 2000 ஏப்ரலில் திரும்பி வந்து சில நிமிடத்திலேயே மறுபடியும் போனது. 2002 உலகக் கிண்ணத்துக்கு வந்தவர் பழைய ஆள் இல்லை. ஆனாலும் எட்டுக் கோல். இறுதிப்போட்டியின் முதற்கோலைப் பாருங்கள்: சக வீரர் ரிவால்டோ அடித்த பந்தை ஜேர்மனியின் கோல் காப்பாளர் ஒலிவர் கான் நெஞ்சோடு பிடிக்கமுயன்று நழுவவிட, ரொனால்டோ அங்கே நிற்கிறார். கான் அதுவரை அந்தத் தொடரில் ஒரு கோல்தான் விட்டிருந்தார். அவர் நழுவவிடுவார் என்று ஓடியது எத்தனை பேர்? பீலே 17 வயதில் உலகக் கிண்ணம் வென்றவர், 29இல் மூன்றாவது தரம் வென்றவர், அவரைச் சொல்பவர்களோடு நான் சண்டைபிடிக்கமாட்டேன்.

மாரியில் மைதானம் முழுக்கத் தண்ணி. அந்த இரண்டு மாதமும் என்ன செய்வது?

பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். ஏதாவது ஒரு முழுப் போட்டியைத் தொலைபேசியில் போட்டு, ஒரு முன்கள வீரரை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். பந்தைப் பார்க்கவேண்டாம். கஷ்டமாக இருக்கும், கண் தானாகப் பந்துக்குப் போகும், இழுத்துக்கொண்டு வாருங்கள். எத்தனை தரம் தலையைத் திருப்பினார், எத்தனை தரம் நடந்தார், எப்போது முதலடி வைத்தார் என்று கோடு கோடாகக் கீறுங்கள். 20 வயது வீரர் ஒருவரையும் 33 வயது வீரர் ஒருவரையும் எடுத்தால் நல்லது. பொங்கல் முடிந்து தரை இறுகியதும் கொப்பியோடு வாருங்கள், முதற்கிழமை அதிலிருந்தே பயிற்சி தொடங்குவோம்.